சர்ஃபேஸ் புரோ டேப்லெட்டைத் திறந்து எஸ்எஸ்டியை மாற்றுவது எப்படி

2013 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் முதல் சர்ஃபேஸ் புரோ விற்பனைக்கு வந்தபோது, அதன் 64 ஜிபி மாடலை வாங்கியவருக்கு விண்டோஸும் உடன்வரும் கோப்புகளும் போக ஏறத்தாழ 23 ஜிபி இடம்தான் கையில் நின்றது. இடம் போதவில்லை என்று அதைத் திறக்கப் போனவர்கள், பசையால் ஒட்டப்பட்ட திரையைச் சூடுகாட்டிப் பெயர்த்து, உள்ளே தொண்ணூறுக்கும் மேற்பட்ட திருகுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. பழுதுபார்க்கும் எளிமையை மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் அந்த டேப்லெட்டுக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தது. 2019இல் வந்த சர்ஃபேஸ் புரோ எக்ஸில் இந்த நிலை மாறியது. அதன் பின்புறத் தாங்கியின் அடியில் ஒரு சிறிய மூடி வைக்கப்பட்டு, அதற்குள் ஒரே ஒரு திருகினால், விண்டோஸையும் கோப்புகளையும் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி பொருத்தப்பட்டிருந்தது. 2021இல் வந்த புரோ 7 பிளஸ், புரோ 8, 2022இல் வந்த புரோ 9 ஆகியவற்றிலும் அதே ஏற்பாடுதான்.

இந்த மாடல்களில் பழைய எஸ்எஸ்டியை எடுத்துப் புதியதைப் பொருத்த ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலைக்குத்தான் அரைநாள் ஒதுக்க வேண்டும். மாற்றிவிட்டுத் தவிப்பவர்களில் பெரும்பாலோர் திருகில் தவறு செய்தவர்கள் அல்லர். விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரின் சாவியை எடுத்து வைக்காதவர்கள், மீட்பு பென்டிரைவைத் தயாரிக்காமல் பழைய விண்டோஸை உருவி எடுத்தவர்கள், அல்லது அளவு தெரியாமல் தவறான எஸ்எஸ்டியை வாங்கியவர்கள். ஆகவே திருப்புளியைக் கையில் எடுக்கும் கட்டம் இந்தக் கட்டுரையிலும் பாதிக்கு மேல்தான் வரும்.

எந்த டேப்லெட்டில் இது முடியும்

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. அதில் சேமிப்புச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளிலும் இஎம்எம்சி அல்லது யுஎஃப்எஸ் வகைச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. மைக்ரோஎஸ்டி அட்டைக்கு இடம் இருந்தால் அதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டி என்பது பெரும்பாலும் விண்டோஸ் டேப்லெட்டுகளுக்கே உரியது, அவற்றிலும் எல்லாவற்றுக்கும் இல்லை.

சர்ஃபேஸ் புரோ வரிசையிலேயே வேறுபாடுகள் உண்டு. முதல் மூன்று தலைமுறைகளில் எம்சாட்டா என்ற பழைய வகை எஸ்எஸ்டி இருந்தது. புரோ 4இலும் அதைக் கழற்ற முடியும். ஆனால் இவை நான்கிலும் திரையைப் பெயர்த்தால் ஒழிய உள்ளே போக முடியாது. மெல்லிய கண்ணாடி சூட்டிலும் நெம்பலிலும் விரிசல் விடுவது மிக எளிது என்பதால், வேறு காரணத்துக்காகத் திரையை மாற்றும் தறுவாயில் இருந்தால் தவிர இந்தப் பழைய மாடல்களில் கைவைக்காதீர்கள் என்றே சொல்வேன். 2017இல் வந்த சர்ஃபேஸ் புரோவிலும், அதன் பின் வந்த புரோ 6, புரோ 7 ஆகியவற்றிலும் சேமிப்பகம் பற்றவைக்கப்பட்டுவிட்டது. அவற்றைத் திறந்தும் பயனில்லை.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். புரோ 7, புரோ 7 பிளஸ் ஆகிய இரண்டும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். முன்னதில் மாற்ற வழியே இல்லை. பின்னதில் மூடியைத் திறந்தால் எஸ்எஸ்டி தெரியும். பழைய டேப்லெட்டை இரண்டாம் கைக்கு வாங்குகிறவர்கள் விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாமல், தாங்கியை முழுதாக விரித்து, அதன் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு நீள்சதுர மூடி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். மூடி இருந்தால் மேலே படியுங்கள்.

இந்த எஸ்எஸ்டி பயனர் தாமே கழற்றுவதற்கானதன்று, பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர் நிறுவனத்தின் அறிவுறுத்தலைப் பின்பற்றிச் செய்ய வேண்டியது என்றுதான் மைக்ரோசாஃப்ட் தன் விவரக்குறிப்பில் எழுதுகிறது. உத்தரவாதக் காலம் இன்னும் முடியாதவர்கள், மாற்றும்போது ஏற்படும் சேதம் தங்கள் கணக்கில்தான் விழும் என்பதை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும். அலுவலகம் கொடுத்த டேப்லெட் என்றால் அங்குள்ள கணினிப் பிரிவைக் கேட்காமல் தொடவே கூடாது.

எதை வாங்குவது

வேண்டியது எம்.2 என்ற சிறு அட்டை வடிவில் 2230 அளவுள்ள, என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு முறையில் இயங்கும் எஸ்எஸ்டி. 2230 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் அகலத்தையும் அடுத்த இரண்டும் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கின்றன. அதாவது 22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம், ஏறத்தாழ ஓர் அஞ்சல்தலை அளவு. மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பரவலாக இருக்கும் 2280 இதைவிட 5 செ.மீ. நீளமானது, அதை எந்த வித்தையாலும் இங்கே நுழைக்க முடியாது. மடிக்கணினிகளின் வைஃபை அட்டைகளும் இதே 2230 அளவில்தான் வருகின்றன என்பதால், இணையக் கடைகளில் அளவை மட்டும் தட்டச்சு செய்து தேடினால் அவையும் பட்டியலில் கலந்து வரும். அவற்றின் இணைப்பு முனையில் வெட்டு வேறிடத்தில் இருக்கும். எஸ்எஸ்டியாக வேலை செய்யாது.

நீளத்தைப் போலவே தடிமனும் முக்கியம். சில்லுகள் ஒரு பக்கம் மட்டுமே உள்ள எஸ்எஸ்டியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்பக்கத்திலும் சில்லு இருந்தால் அது பள்ளத்தில் படியாமல் தூக்கி நிற்கும். திருகை இறுக்கி வலுக்கட்டாயமாகப் படியவைத்தால் பலகை வளைந்து இணைப்புப் புள்ளிகள் விட்டுப்போகும். வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்740, மைக்ரான் 2400 ஆகியவை ஒரு பக்கச் சில்லோடு 2 டிபி வரை கிடைக்கின்றன. சாம்சங் பிஎம்991ஏ 1 டிபி வரை உண்டு. பிசிஐஇ (எஸ்எஸ்டி தரவை அனுப்பும் பாதை) நான்காம் தலைமுறை எஸ்எஸ்டியை மூன்றாம் தலைமுறை இடத்தில் பொருத்தினாலும் வேலை செய்யும், வேகம் மட்டும் இடத்துக்கு ஏற்பக் குறையும். டேப்லெட்டைப் பொறுத்தவரை அதிவேகத்தைவிடக் குறைந்த மின்செலவும் குறைந்த சூடும்தான் நல்ல குணம் என்பது என் எண்ணம். விசிறியே இல்லாத மாடல்களும் இந்த வரிசையில் உண்டு. எஸ்எஸ்டியில் எழும் வெப்பம் முதுகுத் தகட்டின் வழியாக நேராக உங்கள் உள்ளங்கைக்கு வரும்.

2230 எஸ்எஸ்டிகளில் கணிசமானவை புதிய மடிக்கணினிகளிலிருந்து கழற்றி எடுத்து விற்கப்படுபவை. மடிக்கணினியை வாங்கியவர் பெரிய எஸ்எஸ்டி போட்டுக்கொண்டு, வந்ததை விற்றுவிடுகிறார். இதில் தவறில்லை, விலையும் குறையும். ஆனால் வாங்கியதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு தரவு எழுதப்பட்டிருக்கிறது, ஆயுளில் எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். புதியது என்று விற்கப்பட்ட எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியதாகக் காட்டினால், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியும் முன் அனுப்பிவிடுங்கள்.

கொள்ளளவைப் பற்றியும் ஒரு சொல். எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் 1 ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024 என்ற பெருக்கத்தில் கணக்கிடுகிறது. ஆகவே 256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 238 ஜிபி என்றும், 1 டிபி எஸ்எஸ்டி 931 ஜிபி என்றும் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை.

எஸ்எஸ்டியோடு டி3 அளவு டார்க்ஸ் திருப்புளி ஒன்றும், மூடியைத் திறக்கச் சிம் ஊசி ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டி4 திருப்புளி உட்காரவே உட்காராது. டி3ஐவிடச் சிறியதைப் போட்டுச் சுற்றினால் திருகின் ஆறு முனைகளும் வழுவழுப்பாகிவிடும், அப்புறம் அதைக் கழற்றுவது தனிப் போராட்டம். 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்றும் வேண்டும். புரோ எக்ஸ், புரோ 8, புரோ 9 ஆகியவற்றில் டைப்-சி துளைகள் மட்டுமே இருப்பதால் பென்டிரைவ் டைப்-சி முனை உடையதாக இருக்க வேண்டும், அல்லது மாற்றுமுனை ஒன்று தேவை. இதை முன்கூட்டியே பார்க்காமல், எஸ்எஸ்டியை மாற்றி முடித்தபின் பென்டிரைவைச் செருக இடமில்லாமல் கடைக்கு ஓடியவன் நான்.

பிட்லாக்கர் என்ற பூட்டு

சர்ஃபேஸ் டேப்லெட்டுகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்த நாளிலேயே சேமிப்பகம் குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. பெரும்பாலோர் இதைச் செய்ததும் இல்லை, அறிந்ததும் இல்லை. அன்றாடம் டேப்லெட்டைத் திறக்கும்போது தாய்ப்பலகையில் உள்ள டிபிஎம் சில்லு ஓசையின்றிப் பூட்டைத் திறந்து கொடுத்துவிடுவதால், அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தாலோ, அல்லது டிபிஎம் தன் முன் நடப்பது வழக்கத்துக்கு மாறானது என்று கருதினாலோ, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கொடுத்தால்தான் உள்ளே விடும். அந்தச் சாவி இல்லையென்றால் தரவைத் திரும்பப் பெற வேறு வழியே கிடையாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணைய உலாவி வழியாக நுழைந்து, சாதனங்கள் பகுதியில் இந்த டேப்லெட்டைத் தேர்ந்து, அதற்குரிய மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். ஒரே கணக்கில் பல சாவிகள் பட்டியலிடப்பட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் பின்னர் எது எதற்கு என்று குழம்ப வேண்டியிருக்காது. சாவியை அதே டேப்லெட்டில் ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே வருவதற்குச் சமம்.

அடுத்ததாக, குறியாக்கத்தை முழுதாக நீக்கிவிடுவது நல்லது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் என்பதை அணைத்தால், விண்டோஸ் பின்னணியில் சேமிப்பகம் முழுவதையும் குறிநீக்கம் செய்யத் தொடங்கும். தரவின் அளவைப் பொறுத்து இது சில நிமிடங்களும் ஆகலாம், மணிக்கணக்கும் ஆகலாம். சார்ஜரில் இணைத்துவிட்டு, அது முடிந்துவிட்டது என்று திரையில் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு என்றாலும், அதில் தரவு குறியாக்கத்திலேயே இருக்கும். பழைய எஸ்எஸ்டியை அப்படியே புதியதில் படியெடுக்கும், அதாவது குளோன் செய்யும், எண்ணம் இருந்தால் முழு நீக்கமே தொந்தரவில்லாத வழி.

இதோடு முக்கியக் கோப்புகளை வேறொரு வெளிவட்டில் பேக்கப் எடுத்து வையுங்கள். ஒன்டிரைவில் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. அங்கே ஒத்திசையாத கோப்புறைகள், அவுட்லுக் சேமிப்புகள், உலாவியின் கடவுச்சொற்கள், எழுத்துருக்கள், தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் சொந்த அமைப்புகள் ஆகியவை பலருக்கும் விடுபடுகிற பொருட்கள்.

குளோனா, புதிய நிறுவலா

பழைய எஸ்எஸ்டியை அப்படியே புதியதில் படியெடுப்பது ஒரு வழி, புதியதில் விண்டோஸை முதலிலிருந்து நிறுவுவது மற்றொரு வழி. டேப்லெட்டில் இருப்பது ஒரே ஒரு எஸ்எஸ்டி இடம்தான் என்பதால், குளோன் செய்ய விரும்பினால் புதிய எஸ்எஸ்டியை வெளியே யுஎஸ்பி வழியாக இணைக்கும் என்விஎம்இ உறை ஒன்று கூடுதலாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் உறைகளில் பல 2280 அளவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை; 2230க்கு உரிய நிறுத்தத் துளையும் அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சாட்டா என்ற பழைய இணைப்பு முறையை மட்டுமே ஏற்கும் உறையில் என்விஎம்இ எஸ்எஸ்டி தெரியவே தெரியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

குளோன் செய்வதற்குக் குளோன்ஸில்லா போன்ற லினக்ஸ் சார்ந்த கருவிகளைப் பலரும் பரிந்துரைப்பார்கள். நல்ல கருவிதான். ஆனால் சர்ஃபேஸின் பாதுகாப்புத் தொடக்க (செக்யூர் பூட்) அமைப்பில் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து மட்டும் போதும் என்ற அமைப்பு இருந்தால் லினக்ஸ் பென்டிரைவ் கிளம்பாது. விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளான யுஇஎஃப்ஐயின் அமைப்புக்குள் போய் மூன்றாம் தரப்புச் சான்றிதழையும் ஏற்கும்படி மாற்ற வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே படியெடுக்கும் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் போன்ற மென்பொருளின் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலே இல்லை.

குளோனில் பெரும்பாலோர் இடறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் தன் சேமிப்பகத்தை வரிசையாகப் பிரித்து வைத்திருக்கிறது: முதலில் இஎஃப்ஐ பார்ட்டிஷன், பிறகு 16 எம்பி அளவுள்ள ஒரு சிறு ஒதுக்கீடு, பிறகு சி டிரைவ், அதன் வாலில் மீட்புப் பார்ட்டிஷன். 128 ஜிபியிலிருந்து 1 டிபிக்கு அப்படியே படியெடுத்தால், மீட்புப் பார்ட்டிஷன் சி டிரைவை ஒட்டியே வந்து நின்றுகொள்ளும். காலியான இடம் முழுவதும் அதற்கு அப்பால் கிடக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் சி டிரைவை ஒட்டி வலப்பக்கம் உள்ள காலி இடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் என்பதால், சி டிரைவை விரிக்கும் வசதி மங்கிப்போய்த் தெரியும். புதிய எஸ்எஸ்டி 1 டிபியாக இருந்தும் சி டிரைவ் பழைய அளவிலேயே நின்றுவிட்டதே என்று அந்த நேரத்தில் எஸ்எஸ்டியைக் குறை சொல்லத் தோன்றும். இதைத் தவிர்க்க, குளோன் மென்பொருளில் தொடக்க ஆணை கொடுக்கும் முன்பே மீட்புப் பார்ட்டிஷனைப் புதிய எஸ்எஸ்டியின் கடைக்கோடிக்கு நகர்த்திவிட்டு, நடுவில் உள்ள இடத்தை சி டிரைவுக்குக் கொடுக்க வேண்டும்.

படியெடுத்து முடிந்ததும் டேப்லெட்டை முழுதாக அணைத்து, உறையைப் பிடுங்கிவிடுங்கள். பழையதும் புதியதும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கி நிற்பதால், இரண்டையும் இணைத்தபடி மீண்டும் இயக்கினால் எது எதுவென்று விண்டோஸே தடுமாறும்.

என்னைக் கேட்டால், மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய விண்டோஸைத் தூசியோடு சுமந்துகொண்டு போவதைவிடப் புதிதாக நிறுவுவதே மேல். அதற்கு மைக்ரோசாஃப்ட் தளத்தில் ஒவ்வொரு சர்ஃபேஸுக்கும் தனித்தனியே தரப்படும் மீட்புப் படிமத்தைப் பதிவிறக்க வேண்டும். மாடலைத் தேர்ந்து, தாங்கியின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணைக் கொடுத்தால் அந்த ஜிப் கோப்பு கிடைக்கும். வரிசை எண்ணை ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டால் கண்ணுக்கு வேலை மிச்சம். பொதுவான விண்டோஸ் 11 நிறுவல் கோப்பைப் பயன்படுத்தினால், நிறுவும் நேரத்தில் தொடுதிரையோ கழற்றி மாட்டும் விசைப்பலகையோ வைஃபையோ வேலை செய்யாமல் போகக்கூடும் என்பதே தனிப் படிமத்தை வலியுறுத்துவதற்குக் காரணம்.

பென்டிரைவைச் செருகி, விண்டோஸில் உள்ள கிரியேட் எ ரெகவரி டிரைவ் என்ற கருவியைத் திறந்து, கணினிக் கோப்புகளையும் சேர்த்துப் பேக்கப் எடுக்கச் சொல்லும் தேர்வை நீக்கிவிட்டுத் தொடருங்கள். அது பென்டிரைவை ஃபேட்32 முறையில் அழித்து அமைக்கும். பிறகு பதிவிறக்கிய ஜிப்பைத் திறந்து, உள்ளே உள்ளவை அனைத்தையும் பென்டிரைவில் நகலெடுத்து, ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை மாற்றவா என்று கேட்டால் ஆம் என்று சொல்ல வேண்டும். இந்தப் பென்டிரைவ் உண்மையில் கிளம்புகிறதா என்று பழைய எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போதே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மொழி கேட்கும் திரை வந்தால் போதும், அங்கேயே நிறுத்தி அணைத்துவிடலாம். குளோன் வழியை எடுத்தவர்களும் இந்தப் பென்டிரைவைத் தயாரித்து வைப்பது வீண் வேலையல்ல. குளோன் கிளம்பாவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.

விண்டோஸ் உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். அது எஸ்எஸ்டியில் இல்லை, தாய்ப்பலகையோடு பிணைந்திருக்கிறது. அதே பதிப்பை நிறுவினால், இணையத்தோடு சேர்ந்ததும் தானாகவே உரிமம் பெற்றதாகக் காட்டும்.

திறக்கும் வேலை

விண்டோஸில் அணைக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால் விரைவுத் தொடக்கம் என்ற பெயரில் அது பாதி உறக்க நிலையில் இருக்கும். சார்ஜர், விசைப்பலகை, பேனா எல்லாவற்றையும் விலக்குங்கள். இந்த மூடியின் வழியாகப் பேட்டரி இணைப்பைத் துண்டிக்க முடியாது என்பதால், டேப்லெட் உண்மையாகவே அணைந்திருப்பதுதான் உங்களுக்கு உள்ள ஒரே காப்பு. திரை இருண்டபின் ஒரு நிமிடம் பொறுப்பது நல்லது.

மேசையில் மென்மையான பருத்தித் துணியை விரித்து, டேப்லெட்டைத் திரை கீழ்நோக்கி வைத்துத் தாங்கியை முழுதாக விரியுங்கள். பட்டு, நைலான் துணிகளில் நிலைமின்சாரம் எளிதில் சேரும், அவை வேண்டாம். மழைக்காலத்தின் ஈரக்காற்றில் இந்த ஆபத்து குறைவு. குளிர்சாதன அறையில் காற்று உலர்ந்திருப்பதால் அதிகம். தரையிணைப்பு உள்ள ஏதேனும் ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மேலே சுழலும் மின்விசிறியை அணைத்துவிடுங்கள். டி3 திருகு ஓர் எள்ளைவிடச் சற்றுப் பெரியதுதான். காற்றில் உருண்டு தரையில் விழுந்தால் கிடைப்பது அருமை.

புரோ எக்ஸ், புரோ 7 பிளஸ், புரோ 8 ஆகியவற்றில் மூடியின் ஓரத்தில் ஊசி நுழையும் துளை இருக்கும். சிம் ஊசியை அதற்குள் நேராகச் செருகி அழுத்தினால் மூடியின் ஒரு பக்கம் எழும்பும். அதை நகத்தால் பற்றி மெல்ல எடுக்க வேண்டும். புரோ 9இல் ஊசி தேவையில்லை. மூடி காந்தத்தால் பிடித்திருக்கும். ஓர் ஓரத்தை விரலால் அழுத்தினால் மறு ஓரம் தானே தூக்கும். எந்த மாடலாக இருந்தாலும் கத்தி முனையாலோ இரும்புத் தகட்டாலோ நெம்பக் கூடாது. அப்படி நெம்பினால் மூடியோடு உடற்பகுதியின் வண்ணமும் பெயர்ந்து வரும்.

மூடியைத் திறந்ததும் எஸ்எஸ்டி தெரியும். சில அமைப்புகளில் அதன் மேல் மெல்லிய உலோக உறையோ வெப்பம் கடத்தும் பட்டையோ ஒட்டியிருக்கும். எதையும் தொடும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். திருப்புளியைச் செங்குத்தாக வைத்து, ஒரு முறை அழுத்தி, இடப்பக்கம் சுற்றுங்கள். திருகு சற்றே அடம்பிடித்தால் சுற்றும் விசையைக் கூட்டாமல் அழுத்தும் விசையைக் கூட்டுவதுதான் முறை. திருகு விலகியதும் எஸ்எஸ்டியின் அந்த முனை தானாகவே சிறு சாய்வில் எழும்பி நிற்கும். அதே சாய்வில் இருபக்க ஓரங்களையும் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். மேலும் தூக்கி இழுத்தால் இணைப்புத் துளையின் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் வளையும். அவை வளைந்தால் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டி வரும்.

பழையதில் உலோக உறை இருந்தால் அதைப் பக்குவமாகக் கழற்றிப் புதியதில் அதே திசையில் பொருத்துங்கள். வெப்பப் பட்டை கிழிந்துபோனால் அதே தடிமனில் புதியதை வெட்டி ஒட்ட வேண்டும். தடிமன் கூடினால் மூடி சரியாகப் படியாது. புதிய எஸ்எஸ்டியின் வெட்டுக்கும் துளையின் நடுவே உள்ள தடுப்புக்கும் நேர்பார்த்து, முன்போலவே சாய்வாகச் செருகுங்கள். தங்க நிற முனைகள் ஏறக்குறைய முழுவதும் உள்ளே மறைந்திருக்க வேண்டும். பாதி வெளியே தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை என்று பொருள். பிறகு எழும்பி நிற்கும் முனையை ஒரு விரலால் கீழே அழுத்திப் பிடித்தபடி திருகைப் போடுங்கள். திருகு நின்றதும் கை நிற்க வேண்டும். கூடுதலாக ஒரு கால் சுற்று என்பது இந்த அளவுத் திருகுக்கு அதிகம்.

மூடியை உடனே போட்டுவிடாமல், யுஇஎஃப்ஐ திரையில் புதிய எஸ்எஸ்டியை டேப்லெட் அடையாளம் காண்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவது என் வழக்கம். ஒலி கூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மின் பொத்தானை ஒருமுறை அழுத்தி விட்டால் அந்தத் திரை வரும். அங்கே சேமிப்பகம் தெரியவில்லை என்றால் மீண்டும் அணைத்து, எஸ்எஸ்டியைக் கழற்றி மறுபடி செருகிப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை முழுதாக இறங்காததே காரணமாக இருக்கும்.

முதல் தொடக்கம்

குளோன் செய்தவர்கள் மின் பொத்தானை அழுத்தினால் பழைய முகப்பே வர வேண்டும். உள்நுழைய வைத்திருந்த பின் எண் செல்லாது என்று சில வேளைகளில் சொல்லும். கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதிய பின் எண்ணை வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவ் முழு அளவுக்கு விரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிவைஸ் என்கிரிப்ஷனை மீண்டும் இயக்குங்கள். எங்கும் எடுத்துச் செல்லும் கருவியைப் பூட்டில்லாமல் விடக் கூடாது. இப்போது உருவாகும் மீட்புச் சாவி புதியது. முன்பு தாளில் எழுதியது இதற்குப் பொருந்தாது.

புதிதாக நிறுவுபவர்கள் சார்ஜரை இணைத்து, மீட்பு பென்டிரைவைச் செருகி, ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின் பொத்தானை அழுத்தி விட வேண்டும். சர்ஃபேஸ் சின்னம் வந்து சுழலும் புள்ளிகள் தெரியும்வரை ஒலிப் பொத்தானை விடாதீர்கள். மொழியையும் விசைப்பலகையையும் தேர்ந்தபின் டிரபிள்ஷூட் என்பதற்குள் ரெகவர் ஃப்ரம் எ டிரைவ் என்பதை எடுங்கள். மீட்புச் சாவி கேட்டால் அந்த டிரைவைத் தவிர்த்துவிட்டுத் தொடரும் தேர்வு கீழே இருக்கும். புதிய எஸ்எஸ்டியில் பூட்டிவைக்க எதுவும் இல்லையாதலால் அதையே தேர்ந்தெடுக்கலாம். நிறுவலின் நடுவே டேப்லெட் பலமுறை தானாக அணைந்து எழும், இடையே நெடுநேரம் அசையாமலும் நிற்கும். பொறுமையிழந்து மின் பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள். முடிந்ததும் விண்டோஸ் அப்டேட்டை இரண்டு மூன்று சுற்று ஓடவிட்டு, சர்ஃபேஸுக்குரிய ஃபர்ம்வேர்கள் வந்து சேர்ந்தபின் உங்கள் மென்பொருட்களை நிறுவத் தொடங்குங்கள்.

முதல் நாளில் பெரிய கோப்பு ஒன்றை, இருபது ஜிபி அளவுக்கு, உள்ளேயே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகலெடுத்துப் பாருங்கள். நகலெடுக்கும்போதே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டியின் வெப்பத்தைக் கவனியுங்கள். வேகம் சற்று நேரத்தில் சரிவது இயல்பே; தற்காலிக வேகச் சேமிப்பு நிரம்பிவிட்டதன் அடையாளம் அது. டேப்லெட் திடீரென அணைந்தாலோ, எஸ்எஸ்டி பட்டியலிலிருந்து மறைந்தாலோ, அல்லது மூடி தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ, வெப்பப் பட்டையும் திருகும் சரியாகப் படிந்திருக்கின்றனவா என்று திறந்து பார்க்க வேண்டும்.

பழைய எஸ்எஸ்டியை நிலைமின்சாரம் தடுக்கும் பையில் போட்டு, குறைந்தது இரண்டு வாரம் அழிக்காமல் வைத்திருங்கள். எந்தக் கோப்பு விடுபட்டது என்பது அதைத் தேடும் நாளில்தான் தெரியும். அதன் பிறகு உறையில் பொருத்தி வெளிவட்டாகப் பயன்படுத்தலாம். பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால், குறியாக்கம் நீக்கிய நிலையில் உங்கள் கோப்புகள் அனைத்தும் அதில் திறந்தபடி கிடக்கின்றன என்பதால், முழுவதும் அழித்தபின்தான் கை மாற்ற வேண்டும்.